பச்சையாக ஏதாவது ஒன்று

காலையில் வந்த முதல் அழைப்பே சண்டை. திருச்சியிலிருந்து ஒரு அப்பா.

"எங்க பையனோட மரவட்டை சுருண்டே கெடக்குதும்மா. நகரவே மாட்டேங்குது. வேற ஒண்ணு மாத்திக் குடுங்க."

"சார், மரவட்டைன்னா அப்பப்ப சுருளும் சார். அது அதோட பழக்கம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மேல்வீட்டுப் பையனோடது நல்லா ஓடுது."

மாற்றிக் கொடுத்தேன். இதற்காகத்தான் கோயம்புத்தூர் போய் விலங்கியல் படித்துவிட்டு வந்தேன் போலிருக்கிறது. போனை வைத்ததும் எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கால் தானாக ஆடும். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஆட்டம் அதிகமாகிவிட்டது.

வால்பாறை மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. சின்னதுதான். அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. காட்டில் உள்ள ஒவ்வொரு சிறு உயிரின் உடம்பிலும் கடுகு அளவில் ஒரு பொட்டு வைத்திருக்கிறோம். தவளை, நத்தை, குச்சிப்பூச்சி, சிலந்தி, பெரணிச் செடி, காட்டு இஞ்சி எல்லாவற்றுக்கும் உண்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் எங்கோ ஒரு ஊரில் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையிடம் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு சங்கு இருக்கும். காதில் வைத்தால் அந்தப் பொட்டு வைத்த உயிர் குழந்தையிடம் பேசும். எங்கள் கம்பெனி அந்த உயிருக்கு வைத்திருக்கும் பெயர் 'தோழன்'.

"நிஜமாவே பேசுதாம்மா?" என்று என் மகள் பெனிட்டா முதல் நாளே கேட்டாள்.

"பேசாதுடி. நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குது, வயிறு காலியா இருக்கா, மேல தண்ணி படுதா, வெளிச்சம் இருக்கா, மேல ஏறுதா, கீழ எறங்குதான்னு பொட்டு பார்க்கும். அதை வெச்சு மெஷின் ஒரு வார்த்தையைத் தேடி எடுக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சா 'பயம்'னு சொல்லும்."

"அப்ப அந்தக் குரல்?"

"சென்னையில ஒரு அக்கா பேசிக் குடுத்தது."

"பட்டாணிக்கு அந்த அக்கா குரல்தான் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பட்டாணி அவளுடைய தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் புதர்த்தவளை. இடது கண்ணுக்கு மேல் ஒரு கரும்புள்ளி. ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வேறு எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பள்ளியில், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு பையன் சங்கைக் காதில் வைத்திருந்த நேரம் பார்த்து அவன் தவளையை ஒரு பாம்பு பிடித்துவிட்டது. 'பயம், பயம், பயம்' என்று சங்கு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பையன் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அது தனியாக இருக்குமே என்று நினைத்தானாம். அவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவன் அம்மா தொலைக்காட்சியில் அழுதார். மறுநாளே எங்கள் மேலாளர் சபாபதி சார் கோவையிலிருந்து மலையேறி வந்துவிட்டார்.

"இனிமே இந்தக் காட்டுக்குள்ள ஒருத்தரும் சாகக் கூடாதுங்" என்றார். யாரையோ கல்யாணத்துக்குக் கூப்பிடுவது மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து தட்டான்கள் வந்தன. தட்டான்பூச்சி அளவில் பறக்கும் சின்ன எந்திரங்கள். பாம்பு தவளையை நெருங்கினால் தட்டான் பறந்துபோய்த் தவளையின் முதுகில் சொட்டுத் தண்ணீர் தெளிக்கும். தவளை திடுக்கிட்டுத் தாவிவிடும். பறவை புழுவைக் கொத்த வந்தால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு விரட்டும். வேலை கச்சிதமாக நடந்தது. அதுதான் சிக்கல். யாரும் தின்னாததால் புழுக்கள் பெருகி, செடிகளை மொட்டையடித்தன. புழு வைத்திருக்கும் குழந்தைக்கும் செடி வைத்திருக்கும் குழந்தைக்கும் வகுப்பிலேயே அடிதடி. கடைசியில் புழுக்களுக்காக வால்பாறைச் சந்தையிலிருந்து முட்டைக்கோஸ் வாங்கிவந்து மழைக்காட்டில் கொட்டினோம். நானே ஒரு மூட்டை சுமந்தேன். வழியில் பார்த்தவர்கள் காட்டுக்குள் யாருக்கு விருந்து என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் நடையைக் கூட்டினேன்.

மரவட்டைக்காரருக்கு அடுத்து வந்த அழைப்பில் ஒரு பெண் குழந்தை பேசியது. மூச்சு வாங்கியது. ஓடிவந்து பேசுகிறாள் போல.

"எக்கா, அதுக்குப் பசிக்காம். எந்நேரமும் பசி பசின்னே சொல்லுது. ஏன்க்கா அதுக்குச் சாப்பாடு குடுக்க மாட்டேங்கிய?"

"யாரு கண்ணு பேசுறது? பேரு என்ன?"

"இசக்கிப்பிரியா. நாலாப்பு. தூத்துக்குடி பக்கம், உப்பளத்துப் பள்ளிக்கூடம்."

"உன் தோழன் என்ன? தவளையா, நத்தையா?"

"பாம்புக்கா."

எழுந்து நின்றுவிட்டேன். பாம்புக்கும் பொட்டு வைத்திருக்கிறோம், எங்கே இருக்கிறது என்று தட்டானுக்குத் தெரிவதற்காக. ஆனால் எந்தக் குழந்தைக்கும் பாம்பைக் கொடுத்ததில்லை. எந்தப் பெற்றோர் வாங்குவார்கள்? திரையில் அவள் சங்கின் எண்ணைத் தேடினேன். உண்மைதான். ஓடையோரம் இருக்கும் பச்சைக் குழிவிரியன் அவள் பெயரில் இருந்தது.

"நீ என்னன்னு கேட்டே கண்ணு? பாம்பு வேணும்னா கேட்டே?"

"இல்லக்கா. எல்லாரும் எடுத்த பொறவு கடைசியாத்தான் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. என்ன வேணும்னு கேட்டாவ. பச்சையா ஏதாவது ஒண்ணு குடுங்கன்னேன். எங்க ஊர்ல எங்க பாத்தாலும் வெள்ளையாத்தான் இருக்கும். உப்புதான. அதான் பச்சை கேட்டேன்."

பச்சைத் தவளைகள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். மெஷின் பச்சையாக என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்து, பாம்பை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதனிடம் யாரும் பாம்பு என்றால் பயப்பட வேண்டும் என்று சொல்லி வைக்கவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பாவமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எக்கா, நீங்கதானா அது?" என்று கேட்டாள்.

"எது?"

"பாம்பு உங்க குரல்லதான் பேசுது."

ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. சென்னை அக்கா வருவதற்கு முன்பு, மெஷினைச் சோதித்துப் பார்க்க ஒரு குரல் வேண்டும் என்று சபாபதி சார் என்னை உட்கார வைத்துச் சில வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். மழை. வெயில். இருட்டு. பயம். பசி. பசி இல்லை. மேலே போறேன். கீழே போறேன். எனக்கு அன்று சளி பிடித்திருந்தது. மூக்கடைத்த குரலில் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு எல்லா உயிர்களுக்கும் நல்ல குரல் போட்டார்கள். குழந்தைக்குப் போகப்போவதில்லை என்று பாம்புகளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆக, உப்பளத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெண்ணிடம் இத்தனை நாளாக 'பசி, பசி' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது நான்.

"அதுக்குச் சாப்பாடு வாங்கித் தாங்கக்கா. எங்க அம்மா மீன் வாங்கினா நான் அனுப்பட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. நான் போய்ப் பார்க்கிறேன்."

"இன்னைக்கே போவியளா?"

"இப்பவே போறேன்" என்று கிளம்பினேன்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு இறங்கினேன். காட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் பழக்கமான ஒரு நிதானம் வரும். அன்று வரவில்லை. எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒன்று திடுக்கிட்டுத் துள்ளியது. இலைக்கு இலை தவளை. ஒவ்வொன்றின் தலைமேலும் தட்டான். எந்தத் தவளையும் அமைதியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்ததும் கீச்சென்று சத்தம் வந்தது, அது பறந்துபோனது. இன்னொரு மரத்தில் உட்கார்ந்தது, அங்கேயும் கீச். பிறகு அது அந்தப் பக்கமே வரவில்லை. பாதிப் பெரணிகளில் நரம்பு மட்டும்தான் மிச்சம். முட்டைக்கோஸ் அழுகி நாறியது.

குழிவிரியன் ஓடையோரத்துக் காட்டு ஏலச்செடியின் தண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வகைப் பாம்பு இரை தேடி அலையாது. ஒரே இடத்தில் காத்திருக்கும், இரை தானாக வரும். அதற்குத் தெரிந்த ஒரே தொழில் பொறுமை. பக்கத்து இலையில் ஒரு தவளை ஏறியது. பாம்பின் தலை ஒரு நூலளவு அசைந்தது. உடனே தட்டான் தண்ணீர் தெளித்தது. தவளை தாவிவிட்டது. பாம்பு தலையை மறுபடி தண்டில் வைத்தது. அதன் முதுகெலும்பு தோலுக்கு மேல் தனியாகத் தெரிந்தது. தோல் மடிந்து கிடந்தது.

அங்கிருந்தே சபாபதி சாருக்குப் போன் போட்டு, பாம்பு பட்டினி கிடப்பதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமுங்" என்றார். "கோழிக்கறி வெச்சுப் பார்த்தாச்சு. தொடறதில்லை. நாளைக்குப் பாம்பு பிடிக்கிற ஆளுங்க வர்றாங்க. எல்லாப் பாம்பையும் எடுத்து வேற காட்டுல விட்டுர்றோம்."

"சார், இது ரொம்ப இளைச்சிருக்கு. பிடிச்சு, பையில போட்டு, தெரியாத எடத்துல விட்டா செத்துரும் சார்."

"செத்தாலும் அது யாரோட தோழனும் இல்லையேங்."

"ஒரு பொண்ணோட தோழன் சார். தூத்துக்குடிப் பொண்ணு. பச்சையா ஏதாவது கேட்டிருக்கா, மெஷின் இதைக் குடுத்திருச்சு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஒரு வெட்டுக்கிளி குடுத்துருங்க. அதுவும் பச்சைதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏலச்செடியின் இலை ஒன்றைக் கிழித்துவிட்டேன். பாவம், அதற்கும் எங்காவது ஒரு குழந்தை இருக்கும். "சார், அந்தப் பாம்புக்கு ஒரே ஒரு தவளை போதும். இங்கே ஆயிரம் இருக்கு" என்றேன்.

"அந்த ஒரே ஒரு தவளை எந்தக் குழந்தையோடதுன்னு நீங்க சொல்லுங்க. அந்த வீட்டுக்குப் போன் போட்டும் நீங்களே சொல்லுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "ஜெபராணி, நான் கெட்டவன் இல்லைங். எனக்கும் பேரன் இருக்கான், நத்தை வெச்சிருக்கான். இந்தக் காடு எதனால நிக்குது? குழந்தைங்க ஆசையா இருக்கிறதனால. அதுங்க அழுதுட்டு விலகிப்போச்சுன்னா, அடுத்த வருசம் இங்கே தேயிலை நட்டுருவாங்க. அப்ப உங்க பாம்பும் இருக்காது, தவளையும் இருக்காது."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. சாயங்காலம் வரை அலுவலகத்தில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திரிந்தேன். மூன்று பேருக்கு நத்தை மாற்றிக் கொடுத்தேன். ஒருவருக்குக் குச்சிப்பூச்சி என்று நினைத்து வெறும் குச்சியைக் கொடுத்துவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

நடுவில் பெனிட்டா வீட்டிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, பட்டாணி மேல தண்ணி விழுந்துக்கிட்டே இருக்காம். மழை, பயம், மழை, பயம்னே சொல்லுது. இங்க மழையே இல்லையே? அது தூங்கவே இல்லைம்மா."

"சரியாயிடும்டி" என்றேன். எப்படிச் சரியாகும் என்று எனக்கே தெரியவில்லை.

வெளிச்சம் இறங்குவதற்குள் மறுபடி ஓடைக்குப் போனேன். தட்டானை இயக்கும் கைக்கருவி என்னிடம் இருந்தது. அதில் தட்டானைத் திருப்பி அழைக்கவும் வழியுண்டு, பழுது பார்ப்பதற்காக. ஏலச்செடிக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த ஒன்றைக் கூப்பிட்டேன். அது வந்து என் கையில் உட்கார்ந்து சிறகை மடக்கிக்கொண்டது. கருவியைத் தவளையின் பக்கம் காட்டினால் அது எந்தக் குழந்தையுடையது என்று பெயர் தெரியும். அந்தப் பக்கமே காட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். யாரோ ஒரு குழந்தை. பெயர் தெரியாத குழந்தை. நாளைக்குப் பெயரைப் பார்த்து, அந்த வீட்டுக்கு நானே போன் செய்து சொல்லிக்கொள்ளலாம்.

தண்ணீர் தெளிப்பது நின்றதும் தவளைகள் அடங்கின. இத்தனை நாளில் முதல்முறையாக அவை நிம்மதியாக உட்கார்ந்ததைப் பார்த்தேன். டிக் டிக் என்று கத்தவும் ஆரம்பித்தன. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஏலத்தண்டின் அடியிலிருந்து ஒரு தவளை மெல்ல ஏறியது. ஒரு இலை, அடுத்த இலை. நின்று, தொண்டையை உப்பிக் கத்திவிட்டுத் திரும்பியது. இடது கண்ணுக்கு மேல் ஒரு கரும்புள்ளி.

என் கை தட்டானைத் திரும்பப் பறக்கவிடும் பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்தினால் போதும். பட்டாணி தாவிவிடும். இன்னொரு தவளை வரும், யாரோ ஒருத்தியின் தவளை. அந்த யாரோ ஒருத்தியின் அம்மாவுக்கு என்னைத் தெரியாது.

மத்தியானம் சபாபதி சாரிடம் அத்தனை வாய் பேசினேன். அதெல்லாம் ஊரார் பிள்ளைகளின் தவளையை வைத்துப் பேசியது. இப்போது என் பிள்ளையின் தவளை என்றதும் விரல் துடிக்கிறது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. பட்டாணி இன்னும் ஒரு இலை ஏறியது.

பாம்பு அடித்ததை நான் பார்க்கவே இல்லை, அத்தனை வேகம். பார்க்கும்போது தவளை அதன் வாயில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன மேடு மெதுவாக உள்ளே நகர்ந்தது. நான் அழுதேன். பாம்பு சாப்பிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெனிட்டாவின் அப்பா பொள்ளாச்சியில் லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வருவார். அவள் தனியாக உட்கார்ந்து அந்தப் 'பயம்' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பாளோ என்று நினைக்கவே முடியவில்லை. கதவைத் திறந்தால், அவள் ஈரத் தலையோடு சப்பாத்தி தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! பட்டாணி தூங்கிருச்சு! நான் குளிச்சுட்டு வந்து கேட்டேன், 'இருட்டு, தூங்கறேன்'னுச்சு. நல்ல எடமாக் கெடைச்சிருக்கும் போல."

உட்கார்ந்துவிட்டேன். என் கால் ஆடவில்லை. இந்தக் காட்டில் யாரும் சாகக் கூடாது என்று முடிவான அன்றே, செத்துப்போனதற்கான வார்த்தையையும் மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். நெஞ்சு அடிக்கவில்லை என்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தூக்கம்.

"நீ அழுதியாம்மா?"

"மழைத்தண்ணிடி" என்றேன். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு நல்ல பொய் கிடைக்கவில்லை.

காலையில் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே, புகார் அழைப்புகள் வரும் அதே போனில் சபாபதி சார் கூப்பிட்டார். பாம்பு பிடிப்பவர்களைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"நேத்து ஓடைப் பக்கத் தட்டானைத் திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன் சார். பாம்பு சாப்பிட்டுருச்சு. வேலையை விட்டு எடுக்கிறதுன்னா எடுத்துருங்க."

"யாருங் உங்களை எடுக்கிறது?" அவர் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. "ஒரு புகார்கூட வரலைங் ஜெபராணி! பொட்டு செரிக்கறதில்லை, கவனிச்சீங்களா? பாம்பு வயித்துக்குள்ள இருந்தே பேசுது. அப்புறம் வெளியே வந்து மண்ணுல கெடந்தும் பேசும். குழந்தைக்கு வித்தியாசமே தெரியாது. தட்டானையெல்லாம் எடுத்துரலாம். காடு பழையபடி தின்னுக்கிட்டும் தின்னக் குடுத்துக்கிட்டும் கெடக்கட்டும். அது தூங்குதுன்னு குழந்தைங்க நெனைச்சுக்கட்டும். பாம்பு பிடிக்கிற ஆளுங்களை வர வேண்டாம்னுட்டேன்."

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பாம்புக்கு உயிர், பறவைக்குப் புழு, பெரணிக்கு இலை, எனக்கு வேலை. கேட்காத ஒரு பொய்யும் கூடவே வந்திருந்தது.

"அது யாரோட தவளைங்?"

"எம் பொண்ணோடது சார்."

"சொல்லிராதீங்க" என்றார். மெதுவாக, அக்கறையோடுதான் சொன்னார்.

போனை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அதற்குள் அது மறுபடி அடித்தது. பெனிட்டா ஓடிப்போய் எடுத்துச் சத்தமாக வைத்தாள்.

"எக்கா! இன்னைக்கு அது பசின்னே சொல்லலக்கா!"

"நான் அக்கா இல்ல, பெனிட்டா. அம்மா மூஞ்சி கழுவுறாங்க. உன்கிட்ட என்ன இருக்கு?"

"பாம்பு. பச்சைப் பாம்பு."

"ஐயோ! என்கிட்ட தவளை. அதுவும் பச்சைதான்."

"என்ன செய்யுது?"

"நேத்துலேருந்து தூங்குது. இருட்டான எடத்துல. இப்ப மேலே போகுதாம்."

"தூங்குறது எப்படி மேல போவும்?" என்றாள் இசக்கிப்பிரியா.

நான் துண்டோடு கதவருகே நின்றேன். ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கியிருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம், இரண்டு பேரும் சின்னப் பெண்கள்தானே. கால் ஒரு அடி எடுத்து வைத்தது, பிறகு நின்றுவிட்டது.

"என் பாம்பும் மேலதான் போவுது. இந்தா கேளு" என்று அவள் தன் சங்கைப் போனருகே வைத்தாள்.

சளி பிடித்த ஒரு குரல் வந்தது. "பசி இல்லை. மேலே போறேன்." சற்று நேரம் கழித்து, "வெயில்."

பெனிட்டா தன் சங்கை எடுத்துக் காதில் வைத்தாள். சென்னை அக்காவின் இனிமையான குரல் எனக்கும் கேட்டது. "இருட்டு. தூங்கறேன். மேலே போறேன்."

அவள் இரண்டு முறை மாற்றி மாற்றிக் கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அது உன் குரல்."

"ஆமா."

"பட்டாணி எங்கம்மா இருக்கு?"

'தூங்குது' என்ற சபாபதி சாரின் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்வது சுலபம். அவளும் நம்பியிருப்பாள், நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

"அந்தப் பாம்பு சாப்பிட்டுருச்சு பெனி. தட்டானை நான்தான் கூப்பிட்டுக்கிட்டேன். வந்தது பட்டாணின்னு எனக்குத் தெரிஞ்சுது. தடுத்திருக்கலாம். தடுக்கலை."

பெனிட்டா அழவில்லை. போனுக்குள்ளிருந்துதான் அழுகைச் சத்தம் வந்தது.

"எக்கா, நான் சாப்பாடுதானக்கா கேட்டேன்" என்றாள் இசக்கிப்பிரியா. "அவ தவளையக் கேக்கலியேக்கா."

பெனிட்டா தன் சங்கை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனருகே குனிந்தாள்.

"அழாதே. நீ ஒண்ணும் பண்ணல." போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அது இன்னும் பசின்னு சொல்லுதா?"

"இல்ல. வெயில்னு சொல்லுது."

"போனை வெச்சிராதே. எனக்குக் கேக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குள்ளிருந்து நான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.